‘கேடி’ கோப்பை வென்ற செய்தி குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் கோல்ஃப் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி வந்த கட்டுரைக்குக் ‘கேடியாக இருந்தவர் கோப்பை வென்றார்’ என்று எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பிட்டிருந்தீர்கள். அன்று காலை சிம்மக்கல்லில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில், கடைக்காரர் அத்தலைப்பை உரக்கப் படித்துவிட்டு, டம்ளரைக் கழுவிய கை ஈரத்தைத் துண்டில் துடைத்தபடி, “எந்த ஸ்டேஷன் கேடி சார் இவன்?” என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் படத்தை எட்டிப் பார்த்து, “ஆளப் பாத்தா அப்பிடித் தெரியலயேண்ணே, திருந்திட்டான் போல” என்றார். கட்டுரையைக் கடைசி வரி வரை படித்த நான் ஒருவன்தான் அந்தக் கடையில் இருந்தேன் என்பதால், அந்த மனிதர் எந்தக் குற்றமும் செய்யவில்லை, கோல்ஃப் ஆடுவோரின் தடிகளைச் சுமந்து உடன் செல்லும் வேலையை இளமையில் பார்த்தவர், ஆங்கிலத்தில் அவ்வேலைக்குப் பெயரே அதுதான் என்று விளக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. விளக்கினேன். அவர்கள் முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழில் ‘கேடி’ என்று நாம் சொல்லுவது எங்கிருந்து வந்தது என்பதை வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் புரட்டியே அறிந்தவன். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து சென்னை மாகாணப் போலீசார் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர்களை ‘நோன் டெப்ரடேட்டர்’, அதாவது கொள்ளையடிப்பவர் எனத் தெரியவந்தவர், என்று பதிவேட்டில் குறித்தனர். அதன் முதலெழுத்துகளான ‘கே.டி.’ என்பதே நிலையத்திலிருந்து தெருவுக்கு இறங்கி, நடுவிலிருந்த புள்ளியை உதிர்த்துவிட்டு, ‘கேடி’ ஆயிற்று. கேடு செய்பவன் கேடி, இது தூய தமிழ்ச்சொல் என்று என்னிடமே வாதாடிய வழக்கறிஞர்கள் உண்டு. பொருள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஒரு சொல்லுக்கு நம் காதுக்கு இனிய பிறப்புக் கதையைக் கட்டிவிடுவது எல்லா நாட்டாருக்கும் பொதுவான பழக்கம் என்பதற்குத் தங்கள் கட்டுரையிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. இக்கடிதத்தின் முதல் நோக்கம் அதைச் சுட்டுவது.

ஸ்காட்லாந்து அரசி மேரி பிரான்சில் வளர்ந்தவர் என்றும், 1561இல் நாடு திரும்பியபோது அங்கிருந்து ‘கேடெட்’ எனப்படும் படைப்பயிற்சி இளைஞர்களை உடன் அழைத்து வந்து தம் கோல்ஃப் தடிகளைச் சுமக்க வைத்தார் என்றும், அதனால்தான் அப்பெயர் நிலைத்தது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மேரி பிரான்சில் வளர்ந்ததும் 1561இல் திரும்பியதும் உண்மை. கணவர் டார்ன்லி 1567இல் கொல்லப்பட்டபின் துக்கம் காக்காமல் கோல்ஃப் ஆடினார் என்று எதிரிகள் அவர்மீது குற்றம் சாட்டியதும் உண்மை. ஆனால் பிரெஞ்சு இளைஞர்கள் தடி சுமந்த கதைக்கு அக்காலத்துச் சான்று ஏதும் கிடையாது. ஸ்காட்லாந்து எழுத்துகளில் அச்சொல் தலைகாட்டுவதே 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்தான். அப்போதும் அதற்குப் படையில் சேர்ந்த இளைஞன் என்ற பொருள் இருந்ததே தவிர, கோல்ஃபுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கோல்ஃப் என்ற பெயரைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். நம்மவர் எவரேனும் ‘கோல்’ என்ற தமிழ்ச்சொல்லிலிருந்தே கோல்ஃப் பிறந்தது என்று எழுதினால் தயவுசெய்து வெளியிடாதீர்கள். டச்சு மொழியில் தடியைக் குறிக்கும் ‘கோல்ஃப்’ என்ற சொல்லோடு அதை இணைத்துப் பார்ப்பதே அறிஞர்களின் பொதுவான கருத்து. ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் வழக்கில் அதை ‘கௌஃப்’ என்பார்கள். மக்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதில் பொழுதைப் போக்குகிறார்கள் என்று 1457இலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் கால்பந்தோடு சேர்த்து இதற்கும் தடை விதித்தது.

இனி, தடி சுமப்பவரின் பெயரான ‘கேடி’க்கு வருகிறேன். அதன் ஆணிவேர் இலத்தீனில் தலையைக் குறிக்கும் ‘காபுட்’. அதிலிருந்து ‘சிறு தலை’ என்ற பொருளில் ஒரு சொல் கிளைத்து, பிரான்சின் தென்மேற்கிலுள்ள காஸ்கனிப் பகுதி மொழியில் ‘கப்தெத்’ என்றாகித் தலைவனைக் குறித்தது. காஸ்கனியிலிருந்து பிரெஞ்சு அரசனின் படைக்கு வந்த அத்தகைய தலைவர்கள் பலரும் நிலப்பிரபுக்களின் இளைய மக்கள். சொத்து மூத்தவனுக்குப் போய்விடும். இளையவனுக்கு வாளும் குதிரையும்தான் மிச்சம். ஆகவே தலைவன் என்ற பொருள் தேய்ந்து, அச்சொல் பிரெஞ்சில் ‘கேடெட்’ என்ற வடிவில் வீட்டின் இளைய மகனைக் குறிக்கலாயிற்று. நம் பக்கத்துப் பண்ணை வீடுகளில் ‘சின்னவர்’, ‘சின்னையா’ என்று சொல்லுவோமே, ஏறக்குறைய அந்த மரியாதையும் அந்தக் குறையும் சேர்ந்த சொல். பிறகு அது, அதிகாரப் பதவி இல்லாமல் தொழில் கற்றுக்கொள்வதற்காகப் படையில் சேரும் நல்ல குடும்பத்துப் பிள்ளையைக் குறித்தது. இன்று மதுரைப் பள்ளி மைதானங்களில் காக்கிச் சட்டையோடு அணிவகுக்கும் என்.சி.சி. மாணவரை ‘கேடட்’ என்று அழைக்கிறோம். அது இந்தச் சொல்லேதான். கேப்டனும் அதே ‘காபுட்’ வழி வந்தவர். மதுரையில் கேப்டன் என்றால் யாரைச் சொல்கிறோம் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அவரும், கேடட்டும், தங்கள் தலைப்பிலுள்ள ‘கேடி’யும் சொல் அளவில் ஒரே தாத்தாவின் பேரன்கள்.

இந்தச் சின்னையா எப்படிச் சுமைக்காரரானார் என்பதுதான் கதையின் சுவையான பகுதி. ஸ்காட்லாந்தில் ‘கேடெட்’டின் கடைசி எழுத்தை விழுங்கி ‘கேடி’ என்றும், இன்னும் சற்று நீட்டிக் ‘காடி’ என்றும் உச்சரித்தார்கள். (இந்த இரண்டாம் உச்சரிப்பு நம்மிடம் வந்திருந்தால் அதைப் புளித்த காடி என்றோ மாடு தண்ணீர் குடிக்கும் காடி என்றோ எடுத்துக்கொண்டிருப்போம், போலீஸ் தொல்லையாவது இருந்திருக்காது.) 18ஆம் நூற்றாண்டு எடின்பரோவில் இச்சொல் தெருவில் நின்று ஏவல் கேட்டு ஓடும் ஆட்களைக் குறித்தது. வேலையில்லாமல் சுற்றித் திரிந்த படைவீட்டுப் பிள்ளையைக் குறித்த சொல், கையில் வேலையில்லாத எவனையும் கிண்டலாகக் குறிக்கப் போய், அப்படியே அவன் தொழிற்பெயராக ஒட்டிக்கொண்டது போலும். நம் ஊரில் இன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். டீக்கடையில் இளைஞர்கள், “தல, ரெண்டு டீ” என்கிறார்கள். ‘தல’ என்று அவர்கள் அழைப்பது டம்ளர் ஏந்தி வரும் பையனை. தலையைக் குறிக்கும் சொல் தலைவனுக்குப் போய், தலைவனிலிருந்து ஏவலுக்கு நிற்பவன் வரை இறங்கிவர நம் கண்முன்னே சில ஆண்டுகள்கூட ஆகவில்லை.

எடின்பரோவின் அந்தக் கேடிகளைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. நெருக்கமான மலைமுகட்டில் எட்டு, பத்து அடுக்குகளாக எழுந்த வீடுகள்; ஒரே படிக்கட்டில் கீழே தச்சரும் நடுவில் நீதிபதியும் உச்சியில் தையற்காரரும் குடியிருப்பர்; கதவில் எண் கிடையாது. வெளியூரான் ஒருவன் யாரையேனும் தேட வேண்டுமானால் கேடியைத்தான் பிடிக்க வேண்டும். மேலமாசி வீதிக்கும் மேல ஆவணி மூல வீதிக்கும் இடைப்பட்ட சந்துகளில் முகவரிச் சீட்டோடு அலைந்தவர்களுக்கு இது புரியும். கதவிலக்கத்தைவிடப் பெட்டிக்கடைக்காரரின் நினைவே அங்கு நம்பகமானது. பர்ட் என்னும் ஆங்கிலேயர், 1754இல் அச்சான தம் கடிதங்களில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கந்தலுடுத்தி இரவில் படிக்கட்டிலும் தெருவிலும் படுத்துக் கிடப்பவர்கள் என்று முகம் சுளிக்கும் அவரே, இவர்களை நம்பிப் பெரிய பொறுப்புகளை ஒப்படைக்கிறார்கள் என்றும், இவர்களுக்கெனத் தலைவன் ஒருவன் உண்டு, தவறு செய்தவனுக்கு அவனே தண்டனை விதிப்பான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கடிதம், பணம், செய்தி எல்லாம் அவர்கள் கையில் போயின. கிணற்றிலிருந்து மாடிமாடியாகத் தண்ணீர் தூக்கிச் சென்றவர்களையும் ‘தண்ணீர்க் கேடி’ என்றே அழைத்தார்கள். கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் லோடுமேன்களிடம் எந்தக் கடைச் சரக்கு எந்தச் சந்துக்குப் போக வேண்டும் என்று கேட்டால், ரசீதைப் பார்க்காமல் சொல்லுவார்கள். அவர்களுக்கும் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு.

இத்தகைய ஆட்களில் சிலர்தான் ஊருக்கு வெளியே கடலோரப் புல்வெளியில் கோல்ஃப் ஆடிய கனவான்களுக்குத் தடி சுமக்கப் போனார்கள். எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்துப் புல்வெளியில், பின்னாளில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரான யார்க் கோமகன் 1681–82 வாக்கில் ஆடியபோது, ஆண்ட்ரூ டிக்சன் என்ற சிறுவன் அவருடைய தடிகளைச் சுமந்தும், முன்னால் ஓடிப் போய்ப் பந்து விழும் இடத்தைக் கூவிச் சொல்லியும் வந்தான். பெயர் தெரிந்த முதல் ‘கேடி’ என்று அவனைச் சொல்வது வழக்கம். ஆனால் அவன் காலத்தில் அவனை யாரும் அப்படி அழைத்ததற்குக் குறிப்பில்லை. 1792இல் அச்சான ஒரு நூற்குறிப்புத்தான் அவன் பார்த்த வேலையை, இப்போது நாம் ‘முன்கேடி’ என்கிறோமே அந்த வேலை என்று விளக்குகிறது. சொல் ஊருக்குள்ளிருந்து ஆட்டக்களத்துக்கு இடம்பெயர்ந்த காலம் 1682க்கும் 1792க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

முன்னால் ஓடுவதற்கு ஓர் ஆள் ஏன் வேண்டும் என்று கேட்கலாம். அன்றைய பந்து, தோல் பைக்குள் வேகவைத்த இறகைத் திணித்துத் தைத்தது. கைதேர்ந்தவர்கூட ஒரு நாளில் நான்கைந்துக்கு மேல் செய்வது அரிது. விலையும் அதற்கேற்ப இருந்தது. புதருக்குள் ஒரு பந்து காணாமற்போனால் அன்றைய பொழுதின் செலவே ஏறிவிடும். 1848 வாக்கில் மலேயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து செய்த மலிவான பந்து வரும்வரை பந்தைக் கண்டெடுக்கும் கண்ணுக்கே பாதிக் கூலி. தடிகளை வைக்கப் பையும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. அதுவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். ஈரமணலைச் சிறு கூம்பாகப் பிடித்து அதன்மேல் பந்தை வைத்துக் கொடுப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது.

இதே காலத்தில் அச்சொல்லின் இன்னொரு கிளை இங்கிலாந்தில் சாக்கடையில் இறங்கியது. ‘கேடி’யைச் சுருக்கிக் ‘கேட்’ என்றார்கள். முதலில் அது ஏவலாளையும், லண்டனில் 1829இல் ஆம்னிபஸ் ஓடத் தொடங்கியபின் அதன் பின்படியில் நின்று ஆளேற்றும் நடத்துநரையும் குறித்தது. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தங்களைச் சேராத நகரத்தாரை ஏளனமாக அப்படி அழைத்தார்கள். முடிவில் நாணயமில்லாதவன், பெண்களிடம் நயவஞ்சகமாக நடப்பவன் என்ற பொருளில் வந்து நின்றது. ஆக, ஆங்கிலக் ‘கேட்’டும் நம் போலீஸ் ‘கேடி’யும் உறவே இல்லாமல் ஒரே சேற்றில் வந்து சேர்ந்திருக்கின்றன. தங்கள் உதவி ஆசிரியர் அறியாமல் செய்த பிழைக்கு ஆங்கில அகராதியில் ஓர் ஆதரவு இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தேயிலைப் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் இதே ஒலியுள்ள பெயர் உண்டு. அது மலாய் எடைப்பெயரிலிருந்து வந்த வேறு சொல்.

உழைப்பவன் பெயர் வசையாவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்று வள்ளுவர் சொன்ன 619ஆம் குறளில் கூலி என்பது உழைப்புக்குத் தவறாமல் கிடைக்கும் பயன். கப்பலேறிய ‘கூலி’ எங்கிருந்து போனது என்பதில் இரு கருத்துகள் உண்டு. குஜராத்துக் கோலி மக்களின் பெயர் என்பாரும் உளர், நம் சொல்லே என்பாரும் உளர். எப்படியாயினும் தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர் எவரையும் இழிக்கும் சொல்லாகி, பின்னாளில் மதுரையில் மேலாடை துறந்த காந்தியடிகளையே அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ ஆக்கியது. 2016இல் இரயில்வே அமைச்சகம் நிலையச் சுமைதூக்குவோரை இனிக் கூலி என்னாமல் ‘சஹாயக்’ என்று அழைக்க வேண்டும் என அறிவித்தது; மதுரைச் சந்திப்பில் அவர்களை அன்றும் இன்றும் நாம் போர்ட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அதே நேரம், சித்திரைத் திருவிழாவில் அழகரைத் தோளில் தாங்கி வருபவர்களுக்குச் ‘சீர்பாதந்தாங்கி’ என்று எவ்வளவு கம்பீரமான பெயர் வைத்திருக்கிறோம்! தோளும் தண்டும் ஒன்றுதான். மேலே இருப்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கீழே இருப்பவரின் பெயர் மாறுகிறது.

ஸ்காட்லாந்துச் சொல்லின் நற்காலம் கோல்ஃப் களத்தில்தான் திரும்பியது. ஆட்டத்தின் விதிகளின்படி, ஆடுபவர் தம் ஆட்டக்கூட்டாளியைத் தவிர வேறு எவரிடமும் ஆலோசனை கேட்கக் கூடாது. அந்தக் கூட்டாளியை விட்டால் கேட்கத்தக்கவர் கேடி ஒருவரே. 1913இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பிரான்சிஸ் உய்மெட் என்ற இருபது வயது இளைஞர் பேர்பெற்ற பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் இருவரைத் தோற்கடித்தபோது அவருடைய பையைச் சுமந்தவன் பத்து வயதுச் சிறுவன். உய்மெட்டும் அதே வேலை பார்த்து வளர்ந்தவர். அமெரிக்காவின் அகஸ்டா களத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் 1983க்கு முன்பு வரை ஆட்டக்காரர் அக்களத்தைச் சேர்ந்த கறுப்பினக் கேடிகளையே அமர்த்த வேண்டும் என்ற விதி இருந்தது. விதி தளர்ந்ததும் ஆட்டக்காரர்கள் தத்தம் ஆட்களோடு வரத் தொடங்க, அந்த மண்ணின் மேடுபள்ளங்களை உள்ளங்கையாக அறிந்தவர்கள் வேலையிழந்தார்கள். நம் நாட்டில் 1991இல் இந்திய ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேரும், 2009இல் வென்ற பெங்களூரு முனியப்பாவும் பை சுமந்து தொடங்கியவர்கள். இவர்களையெல்லாம் தங்கள் தலைப்பு நடையில் எழுதினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவ்வேலை என்னவென்று நான் நேரில் கண்டது கொடைக்கானலில். தூண்பாறை போகும் வழியில், 1895இல் தொடங்கிய கோல்ஃப் சங்கத்தின் களம் இருக்கிறது. உறவினர் ஒருவர் ஆடுவதைப் பார்க்க ஒருமுறை உடன் சென்றேன். அவருடைய பையைச் சுமந்தவருக்கு வயது அறுபது இருக்கும். காதை மூடிய மப்ளரும் தேய்ந்த கான்வாஸ் காலணியும். பந்திலிருந்து குழிக்கு நான்கு முழ தூரம்கூட இல்லை. அவர் பையை ஓசையில்லாமல் கீழே வைத்துவிட்டு, குழிக்குப் பின்னால் போய் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிப் புல்லின் சாய்வைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் பனிநீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நேராத் தெரியும் சார், நம்பாதீங்க. ஏரிப் பக்கம் இழுக்கும். ரெண்டு விரல் இடது கைப்பக்கம் விட்டு மெதுவாத் தள்ளுங்க” என்றார். எங்கள் கண்ணுக்கு ஏரியும் தெரியவில்லை, சரிவும் தெரியவில்லை. என் உறவினர், பெரிய பதவியில் இருந்தவர், நேராகவே அடித்தார். பந்து இரண்டு விரற்கடை வலப்புறம் விலகிப் போனது. அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தடியை வாங்கித் துடைத்துப் பையில் வைத்தார். சற்றுத் தள்ளி நின்ற காட்டுமாடு ஒன்று மேய்வதை நிறுத்தி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே என் வேண்டுகோள். ‘கேடி’ என்று ஒலிபெயர்ப்பது இலக்கணப் பிழையாகாது. கேப்டன், கேமரா என்று எழுதும் கைக்கு அப்படித்தான் வரும். ஆனால் நாட்டில் ஏற்கெனவே ஒருவர் அமர்ந்திருக்கும் நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைக்கிறோம். சில ஏடுகள் எழுதும் ‘தடி சுமப்பவர்’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. ‘எடுபிடி’ எடின்பரோத் தெருவுக்கு மிகப் பொருந்தும், இன்றைய களத்துக்குப் பொருந்தாது. வழித்துணை, பேச்சுத்துணை என்பவை நம் வழக்கில் இருப்பதால் ‘களத்துணை’ என்று எழுதிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ஆங்கிலப் பெயரை ஒருவரி விளக்கத்தோடு தரலாம். இதைவிட நல்ல சொல்லைத் தங்கள் வாசகர்கள் தருவார்களானால் மகிழ்ச்சியோடு என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் அதை விளையாட்டுப் பக்கத்திலேயே, கண்ணில் படும் அளவு எழுத்தில் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். சிம்மக்கல் கடைக்காரர் உள்பக்கக் கீழ்மூலையில் வரும் பொடியெழுத்தைப் படிப்பதில்லை. நேற்றுக்கூட, அந்தக் கேடி அடுத்து எந்த ஊரில் ஆடப் போகிறான் என்று என்னிடம் கேட்டார்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
சிம்மக்கல், மதுரை.